சுத்திட்டு வரேன்

அந்தக் கடைக்காரர் மட்டும் கூவவில்லை.

முள்ளில்லாத கடிகாரத்துக்கும் கம்பியில்லாத குடைக்கும் தொண்டை கிழியக் கூவுகிற சந்தை அது. நகரத்தின் நடுவே, வண்டி நிறுத்தக் கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் கூடும். மொட்டைமாடியில் இளம் வடிவமைப்பாளர்கள், கீழே பழஞ்சாமான். குவளை கோணலாக இருந்தால் மேலே, உடைந்திருந்தால் கீழே. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாடக மேடைகளுக்கு வீட்டுச் சாமான் தேடித் தருவது பேரப்புலியின் தொழில். பேரம் பேசுவதில் புலி என்று அவள் கணவர் வைத்த பெயர். அவள் பேசி முடித்தால், கடைக்காரர் சாமானோடு வண்டிக்கூலியும் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்புவார். அந்தக் கணவர் இப்போது மூட்டு அறுவைசிகிச்சை முடிந்து கட்டிலோடு கிடந்தார். எழுந்து நிற்க முடியாது. 'போனதும் வந்துடுவேன்' என்று சொல்லி, வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

துணைக்கு வந்த நாத்தனார் மேலே மெழுகுவத்திகளை முகர்ந்துகொண்டிருக்க, இவள் மட்டும் அடித்தளத்துக்கு இறங்கினாள். குழல்விளக்கு கண்சிமிட்டும் அந்தக் கடைசி மூலையில், ஈரக் கம்பளமும் அந்துருண்டையும் பல வருடம் திறக்காத அலமாரியின் மூச்சும் கலந்த வாடை, பாதம் வழியாகவே உடம்பில் ஏறுவதுபோல் குளிர்ந்து ஏறியது. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதில் தலையோடு கால் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒருவர். தூங்குகிறார் போலிருக்கிறது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே போனது, வெளியே வந்தது.

"ஐயா, இந்த நாற்காலி என்ன விலை?"

நாற்காலியின் கையைத் தட்டினாள்.

"சொல்லுங்க, நான் என்ன கடிச்சா தின்னுடப்போறேன்?"

துணி உள்ளே போனது. வெளியே வந்தது.

"சரி, சுத்திட்டு வரேன்."

சந்தைக்குப் போகிற ஜனம் மொத்தமும் சொல்கிற பொய் அது. சொன்னவரும் வந்ததில்லை, நம்பிய கடைக்காரரும் பிறந்ததில்லை.

"நீங்க ஏன் அலையணும்?" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல். "நானே வரேன்."

'வரேன்' என்று காதில் விழுந்தால் 'வாங்க' என்று சொல்லிப் பழகிய நாக்கு, மூளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாங்க, வாங்க. வீட்ல அவர் இருப்பார்."

நாலடி நடந்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. எதிரே நாத்தனார் வந்துகொண்டிருந்தாள்.

"யாரை அண்ணி வீட்டுக்குக் கூப்பிடுறீங்க? எங்க அண்ணன் படுத்துக் கெடக்குறது போதாதா?"

"அந்தக் கடைக்காரரைத்தான். போர்த்திக்கிட்டுத் தூங்குறாரு பாரு."

பக்கத்து விளக்குக் கடைக்காரர் சிரித்தார். "அங்க ஏதும்மா கடை? தண்ணி ஒழுகுதுன்னு அந்த மூலைக்கு யாருமே போறதில்ல."

திரும்பிப் பார்த்தாள். துணி தரையில் கிடந்தது. நாற்காலியின் மெத்தையில் அழுந்தியிருந்த பள்ளம், மெதுவாக, மிக மெதுவாக மேலெழுந்து நிரம்பிக்கொண்டிருந்தது.

கைப்பேசியை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, யாராவது வந்தா பேச்சே குடுக்காதீங்க!"

"வந்தாச்சே." கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற அதே குரல். "நீதான் வரச் சொன்னியாம். பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. தங்கமான மனுஷன்."

"கதவ யாரு தெறந்தது?"

கைப்பைக்குள் சாவி விரலில் குத்தியது. மறுமுனையில் துணி உள்ளே போய் வெளியே வருகிற சத்தம் மட்டும்.

வாடகைக் கார் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு யுகம் நின்றது. நாத்தனாரைக் கீழே வாடகை கொடுக்க விட்டுவிட்டுப் படிகளில் ஓடினாள். கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தாள்.

பட்டப்பகல். கூடத்தில் வெயில். அந்துருண்டை வாடை.

படுக்கையறையில் கணவரின் குரல். ஆபீஸ் மேனேஜர் மழையில் வழுக்கி விழுந்த பழைய கதையை, வழக்கம்போல் ஒன்றுக்குப் பத்தாக்கி, சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாடா! உயிர் திரும்பி வந்தது. உள்ளே போனாள்.

கட்டிலில் அவர். இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.

கதை நிற்கவில்லை.

அதே குரல். அதே சிரிப்பு. கதவுக்குப் பின்னாலிருந்து.

"வந்துட்டியா?" என்றது.

அவர் கண்களால் கெஞ்சினார். திரும்பாதே. திரும்பாதே.

அவளுக்குப் பின்னால் ஏதோ எழுந்தது. முதலில் அவள் தோளில் நின்ற அவர் பார்வை மேலே போனது. இன்னும் மேலே. கூரையை முட்டும் வரை, மேலே.