மந்தமான கிளையின் வழக்கு

கிளை மேலாளர் அம்மா கதவைத் தட்டக்கூட இல்லை. தலைமை அலுவலகத்தின் நெட்வொர்க் அறைக்குள் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நிறுவனம் கடைசியாகத் திறந்தது அவருடைய மலைக்கிளைதான். அங்குள்ள சர்வர்தான் பதில் சொல்வதில் மகா மந்தம் என்று தினமும் அறிக்கை வருகிறதாம். கிளையை இன்றே மூடச் சொல்லிவிட்டார் முதலாளி. அங்கே வேலை பார்ப்பவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் பிரிவின் தலைவி நிதானமாகத் தலையாட்டினார். அவருடைய உதவியாளன், கணவரின் தம்பி, நிதானத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் எழுந்து நின்றான். அலுவலகத்தில் அவன் பெயரே 'அவசரம்'தான். எலி கேபிளைக் கடித்திருக்கும், எதிரி நிறுவனத்தின் சதி என்று அடுக்கினான். ஒவ்வொரு சர்வரும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து அந்த அறிக்கையைத் தரும் ஸ்கிரிப்டை, அந்தச் சின்ன நிரலை, மட்டும் அவன் சந்தேகிக்கவில்லை. எல்லா சர்வர்களையும் ஒரே நேரத்தில் விசாரிக்கும் அந்த அற்புதத்தை எழுதியவனே அவன்தான். அந்தப் பெருமையை வாசல் காவலாளி வரை சொல்லி முடித்திருந்தான்.

தலைவியான அவன் அண்ணி, கிளைக்கு வீடியோவில் பேசச் சொன்னார். மேலாளர் அம்மா "சாப்பிட்டாச்சா?" என்று முடிப்பதற்குள் அங்கிருந்து "ஆச்சு மேடம்" என்று வந்தது. மந்தமான இணைப்பு இப்படியா பேசும்?

"ஸ்கிரிப்டுல இருக்கிற சர்வர் பட்டியலைத் தலைகீழா வெச்சு ஓட்டு," என்றார் அண்ணி.

ஓட்டினான். மலைக்கிளை வேகத்தில் முதலிடத்துக்குத் தாவியது. அவன் மேசைக்கடியிலேயே இருக்கும் சர்வர் கடைசிக்குப் போனது. அண்ணி முதலாளியை அறைக்கு வரவழைத்தார்.

"குற்றவாளி மலையில இல்ல சார், இந்த ரூம்லதான் இருக்கு."

அவசரம் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான்.

"நம்ம ஸ்கிரிப்ட் எல்லாரையும் ஒண்ணா கேக்குதுன்னு நம்பினோம்," என்றார் அண்ணி. " ஆனா ஒரு தடவைக்குச் சில பேரைத்தான் கேக்குது. மத்தவங்க க்யூவுல நிக்கிறாங்க. கடிகாரம் மட்டும் எல்லாருக்கும் மொதல்லயே ஓட ஆரம்பிச்சிடுது. காத்திருந்த நேரத்தையும் அவங்க தலையிலேயே கட்டிட்டோம். புதுக் கிளைங்கிறதால பட்டியல்ல கடைசியில நின்னதைத் தவிர மலைக்கிளை ஒரு தப்பும் பண்ணலை."

"இதை எழுதின புண்ணியவான் யாரு?" என்றார் முதலாளி.

அவசரத்தின் கை மேலே போனது. அவன் வாழ்க்கையில் மெதுவாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அவரவர் முறை வந்த பிறகே கடிகாரம் ஓடும்படி மாற்றினான். மறுபடி ஓட்டினால் மலைக்கிளை எல்லோரையும் போல நல்ல பிள்ளையாக நின்றது. முதலாளி உத்தரவைக் கசக்கிக் குப்பையில் போட்டார். கிளைக்கு நல்ல செய்தியை அவசரமே சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை என்றார்.

கிளை மூடப்படாது என்று அவன் வீடியோவில் சொன்னதும் அங்கே ஒரே கும்மாளம். அதற்கு நடுவில் யாரோ கேட்டார்கள், இவ்வளவு நாள் எங்களைப் பாடாய்ப் படுத்தினது யாருங்க?

"நான்தாங்க," என்றான் அவசரம்.

இந்த முறை மலையிலிருந்து பதில் வர நிஜமாகவே நேரமானது.




"சரி தம்பி, ஒரு நாள் இங்க வாங்க," என்றது குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "க்யூவுல நிக்க வெக்காம சாப்பாடு போடறோம்."