குஞ்சுகளுக்குப் பயமில்லை

"ஆ...!"

சால்மன் பண்ணையின் தகரக் கூரையே அதிர்ந்தது.

அலறியது மாலின். ஆராய்ச்சியாளர் டூரேயின் உதவியாளர்.

அலற வைத்தது டூரே!

மீன்குஞ்சுத் தொட்டியில் குப்புற மிதந்துகொண்டிருந்தார்.

வட ஸ்வீடனின் மே மாதக் காலை. ஆற்றில் பனிக்கட்டி இப்போதுதான் உடைந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் விரலை விட்டால், விரல் ராஜினாமா செய்துவிடும்.

இன்ஸ்பெக்டர் ஹில்லெவி வந்து சேர்ந்தபோது மதியம். டூரேயை ஆம்புலன்ஸ் எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தது. பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் ஃபோல்கே. கையில் பாதி கடித்த ஏலக்காய் பன்.

"ரெண்டு தொட்டி எதுக்கு?" ஹில்லெவி கேட்டாள்.

மாலின் மூக்கை உறிஞ்சினாள்.

"இடது பக்கம் ஆத்துத் தண்ணி. மருந்துக் கம்பெனியைத் தாண்டி ஓடி வர்ற இடத்துல பிடிச்சது. பதட்டத்தைக் குறைக்கிற மாத்திரை இருக்கே... அதோட கழிவு கலந்தது. அதுல வளர்ற குஞ்சுக்குப் பயமே கிடையாது. வேட்டை மீன் வாயைத் திறந்தா, கதவு திறந்திருக்குன்னு நேரா உள்ளே போயிடும். கடலுக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கம்மி."

"நான் கமிஷனர் ரூமுக்குள்ள போற மாதிரி!" என்றான் ஃபோல்கே.

"நீ பன்னைத் தின்னு... வலது பக்கம்?"

"சுத்தமான ஊத்துத் தண்ணி. ஒப்பிட்டுப் பார்க்க. இதுல இருக்கிறதுங்க நிழல் விழுந்தாலே கல்லுக்கடியில ஓடிடும். அந்தக் கம்பெனி மேல நடக்கிற கேஸ்ல, நாளைக்கு கோர்ட்ல டூரே ரெண்டையும் காட்டறதா இருந்தார். கம்பெனி கதை கந்தலாகியிருக்கும்... அதுக்குள்ள பாவம், கால் வழுக்கி..."

கண்ணைத் துடைத்தாள். கைக்குட்டை வந்தது. கண்ணீர் வரவில்லை!

ஹில்லெவி சட்டைக் கையை மடித்தாள்.

வலது தொட்டிக்குள் கையை விட்டாள்.

அடுத்த விநாடி...

விரல் நீளக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டன. மோதிரத்தைக் கொத்தின. ஒன்று அவள் உள்ளங்கையில் சொந்த வீடு மாதிரி வந்து படுத்தது!

மாலின் முகம் வெளுத்தது.

"நிழலைப் பார்த்தாலே ஓடும்னீங்க... இதுங்க கைகுலுக்குதே!"

"அது... பசியா இருக்கும்."

"அதுக்குப் பசி. உங்களுக்கு என்ன? இந்தக் குளிர்ல வேர்க்குது!"

மாலின் நெற்றியைத் துடைத்தாள். ஹில்லெவி விடவில்லை.

"நான் சொல்றேன். இந்தத் தொட்டியிலயும் யாரோ மாத்திரையைக் கரைச்சிருக்காங்க. ரெண்டு தொட்டிக் குஞ்சும் ஒரே மாதிரி ஆடினா, தண்ணி மேல குத்தமில்லை, மீனோட சுபாவமே இதுதான்னு கம்பெனி சாதிச்சுடும். கரைக்கும்போது டூரே வந்து தொலைச்சுட்டார்... சரியா?"

மாலின் சட்டென்று சிரித்தாள்.

"கதை பிரமாதம், இன்ஸ்பெக்டர்! இங்கே யார் வேணா வரலாம், போகலாம். பார்த்தது ஒரே ஒரு ஆள். அவரும் போய்ச் சேர்ந்தாச்சு. மீனைக் கூண்டுல ஏத்தி சாட்சி கேக்கப் போறீங்களா?"

போன் ஒலித்தது!

ஹில்லெவி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் பேசறேன். டூரேயோட இதயம் மறுபடி துடிக்குது!"

"என்ன...?!" மாலின் அலறினாள்.

"நாடி நின்னுதான் போச்சு. ஆனா அந்தக் குளிரே மூளையைக் காப்பாத்தியிருக்கு. இப்போ கண்ணு முழிச்சு, ஒரே பேரைத் திரும்பத் திரும்ப முனகறார். மாலின்... மாலின்னு. யாருங்க அது, காதலியா?"

"இல்லை டாக்டர்... கைதி!"

மாலின் ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"கொல்லணும்னு நினைக்கலை... கம்பெனியில ஆராய்ச்சித் தலைவி ஆக்கறேன்னாங்க... கையைப் பிடிச்சார்... உதறினேன்... விழுந்துட்டார்..."

"விழுந்தவரைத் தூக்காம, அரை மணி கழிச்சு அப்பதான் வந்த மாதிரி அலறினீங்க!"

ஃபோல்கே விலங்கைப் பூட்டினான். மாலின் ஹில்லெவியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர்... ரொம்பப் பயமா இருக்கு. பதட்டம் குறைய ஒரு மாத்திரை... கிடைக்குமா?"

ஹில்லெவி இடது தொட்டியைக் காட்டினாள்.

"மாத்திரை எதுக்கு? அதுல ஒரு டம்ளர் மொண்டு குடிங்க... கம்பெனி உபயம்!"