பாஸில் நிற்கும் ஆட்டம்

“அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணிடுங்க ஆன்ட்டி.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காமுவுக்கு வீட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சேலையூரில் மழை விட்ட பிற்பகல். ஜஹீராவின் ஹாலில் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ஈரத் துணி நாற்றமும், டிவியின் ஓயாத ரீங்காரமும் கலந்து கிடந்தன. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில், மூன்று வருடமாக அணையாமல் ஓடுகிறது அந்தப் பழைய கேசட் கேம் பெட்டி. அதில் எதுவும் சேமிக்க முடியாது. அணைத்தால் எடுத்த புள்ளியெல்லாம் போச்சு.

“எம்பொண்ணு கடைசியா ஆடுனதும்மா. நீ டிகிரி முடிச்சா இதெல்லாம் மறந்துடுமா?” என்றாள் ஜஹீரா.

2003இல் மூன்று தெருவும் சேர்ந்து வைத்த போட்டி. ஊரெல்லாம் சிடிக்கு மாறிய பிறகும் இவர்கள் பர்மா பஜார் கேசட்டை விடவில்லை. அதிகப் புள்ளி எடுக்கும் ஜோடிக்கு ஜெயம். ஆட்டத்தை நிறுத்திவைத்து, சாட்சி வந்து பார்க்கும்வரை திரை பாஸில் நிற்க வேண்டும். அன்று காமுவின் ஜோடியான ஜஹீராவின் மகள் ஃபஹீமாவுக்கு மூச்சு இரைத்தது. “நிறுத்துடி, பக்கத்து வூட்ல அம்மா கீது, கூப்பிடு.”

“நடிக்காத. ஆடு,” என்றாள் காமு.

ரெக்கார்டைத் தாண்டியதும் காமு பாஸை அழுத்திவிட்டு ஓடினாள். சாட்சியைக் கூட்டி வர. திரும்பி வந்தபோது ஃபஹீமாவுக்கு மூச்சில்லை. உதவி கேட்டு ஓடியதாகத் தெருவே நினைத்தது. அவள் மறுக்கவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் ஜஹீரா வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டாள். காமு தின்றாள்.

ஜஹீரா டீ போடப் போனாள். காமு திரையைப் பார்த்தாள். அவளுடைய எண் அப்படியேதான் இருந்தது. கீழே ஃபஹீமாவின் எண், போன பெருநாளுக்குப் பார்த்தபோது பன்னிரண்டாயிரம்.

இப்போது நாற்பத்தோராயிரம்.

பாயில் கிடந்த, ஃபஹீமா ஆடிய இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு பட்டன் தானாக அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

காமு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பெட்டியின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

“காமு,” ஜஹீரா டீயோடு வந்து நின்றாள். பிடுங்கிய வயரைப் பார்த்தும் திட்டவில்லை. “அன்னிக்கு முழுசா என்ன நடந்துச்சுன்னு உனக்குத்தாம்மா தெரியும். ஒரு தடவ சொல்லேன்.”

“உதவிக்குத்தான் ஓடுனேன் ஆன்ட்டி.”

பட்டன் நின்றது.

கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முடிவு செய்திருந்தாள், சாகும்வரை இதைத்தான் சொல்வது என்று. டீயைத் தொடாமல் வாசலுக்கு நடந்தாள். பின்னால் தரையில் ஏதோ உரசிக்கொண்டே வந்தது. செருப்பை மாட்டக் குனிந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியிலிருந்து கன்ட்ரோலர் வயர் கடைசி வரை இழுபட்டு விறைத்திருந்தது. அதன் நுனியில், நிலைப்படிக்கு உள்ளே, ஒரு பெண்ணின் நெஞ்சு உயரத்தில், யாரும் பிடிக்காமல் நின்றது கன்ட்ரோலர். அவளிடம் நீட்டியபடி.

காமு கேட்டைத் திறந்துகொண்டு போனாள்.