காணாமற்போன எச்சரிக்கை

காலை எட்டு மணிக்கு ஓர் அடுக்ககத்தின் லிஃப்ட், வடம் அறுந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. நல்ல வேளையாக, உள்ளே ஒரு வெங்காய மூட்டையைத் தவிர வேறு பயணி இல்லை.

பத்து மணிக்கு, அந்த லிஃப்டைப் பராமரிக்கும் நிறுவனத்தின் அலுவலகத்தில் பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் அமர்ந்திருந்தார். எதிரே, வடம் தேய்ந்ததைச் சொல்லவே இல்லை என்று மேலாளர் புகார் கொடுத்திருந்த மெக்கானிக். வேலை போவது மட்டுமன்று, சிறைக்கும் போக வேண்டியிருக்கும் என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது.

"வடம் தேயுதுன்னு போன மாசமே அறிக்கை எழுதி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், மேடம்."

"எங்கப்பா ஏத்தினே, வானத்துலயா?" என்றார் மேலாளர். "நீங்களே பாருங்க மேடம். தினமும் இப்படித்தான் தேடுறேன்."

தேடல் கட்டத்தில் 'வடம் -வழக்கமான' என்றிருந்தது. அதன் கீழே, 'முடிவுகள் இல்லை.'

"யாராவது அழிச்சிருப்பாங்களா?"

"ஏத்தினதை யாராலயும் அழிக்க முடியாது," என்றார் மேலாளர்.

"அந்தச் சின்னக் கோடு?"

"கழித்தல் குறி. வழக்கமான பரிசோதனை அறிக்கை மலை மாதிரி குவியும். அந்தச் சொல் இருக்கறதையெல்லாம் தள்ளிட்டா அவசரமானது மட்டும் நிக்கும். என் சொந்த வித்தை!"

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "முதல் வரி என்ன எழுதினீங்க?"

"யார் கண்ணுக்கும் தப்பக் கூடாதேன்னு, 'இது வழக்கமான அறிக்கை அன்று'ன்னு எழுதினேன். அவசரம்னா நாங்க எல்லாருமே அப்படித்தான் தொடங்குவோம்."

இன்ஸ்பெக்டர் விசைப்பலகையை இழுத்தார். கழித்தலை நீக்கினார். மேற்கோள் குறிகளுக்குள் அந்த முழு வரியையும் அப்படியே தட்டினார்.

மூன்று அறிக்கைகள் வந்து நின்றன. முதலாவது, மெக்கானிக்குடையது.

"குற்றவாளி நீங்கதான் சார்," என்றார் மேலாளரிடம். "குடைன்னு பேச்செடுக்கிற யாரையும் உள்ளே விடாதேன்னு ஒரு காவலாளிகிட்ட சொல்லி வச்ச மாதிரிதான் இது. 'என்கிட்ட குடை இல்லைங்க'ன்னு ஒருத்தன் வந்தான். காவலாளி அவனையும் விரட்டிட்டான். அவனை மாதிரியே உங்க கம்ப்யூட்டருக்கும் சொல்தான் தெரியும், அர்த்தம் தெரியாது."

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "மத்த ரெண்டும்... ஒண்ணு ஆஸ்பத்திரி, ஒண்ணு பள்ளிக்கூடம்! ரெண்டு லிஃப்டும் இப்போ ஓடிட்டிருக்கு!" போனை எடுத்தார். "நிறுத்துங்க! ஆமா, இப்பவே!"

இரண்டு இடங்களிலும் லிஃப்டுகள் பத்திரமாக நின்றன. மேலாளர் தலைகுனிந்தபடி மெக்கானிக்கிடம் வந்தார்.

"உன் மேல குடுத்த புகாரை..."

"அதை அப்புறம் கிழிச்சுக்கலாம் சார். புது வடம் அனுப்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"வாங்க, நானே கொண்டு விடுறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கைதியாக ஏற வேண்டிய ஜீப்பில், மெக்கானிக் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.