மாப்பிள்ளையின் வரவேற்பு

மீன்தொட்டிக் கடைக்காரர் வாளியும் வலையுமாக வந்து சேர்ந்தபோது பட்டப்பகல். அவர் மணியடிக்கும் முன்பே டீச்சர் கதவைத் திறந்துவிட்டாள். கணவர் வேலையிலிருந்து திரும்புவதற்குள் தொட்டியிலிருக்கும் அந்த ஆக்டோபஸ் வீட்டை விட்டுப் போயாக வேண்டும்.

"ஆசையா வளர்த்ததாச்சே, எதுக்கும்மா குடுக்கறீங்க?"

"பார்த்துக்க ஆள் இல்லண்ணே," என்றாள். பொய் சொல்லிப் பழகிவிட்டிருந்தது.

உள்ளறையின் ஜன்னலை இப்போதெல்லாம் யாரும் திறப்பதில்லை. உப்புத்தண்ணீரின் வாடை, மோட்டாரின் முனகல், தொட்டியின் நீல வெளிச்சம். அதற்கு எதிரே மாமனாருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆக்டோபஸுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது அவர்தான். வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்கு நண்டு வேண்டும், வேறென்ன பெயர் வைப்பது என்பார்.

மாப்பிள்ளை ஆளறிந்து நடக்கும். கணவர் தண்ணீரில் விரலை விட்டால் பிடித்து இழுத்து விளையாடும். டீச்சர் மூடியைத் திறந்தால் முகத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சும். மாமனார் வந்து உட்கார்ந்தால் மட்டும் தவிட்டு நிறம் போய் உடம்பு முழுக்க வெளுக்கும்; ஒரு கையை நீட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அவர் வெளியிலிருந்து உள்ளங்கையை வைப்பார். அந்த வரவேற்பு வேறு யாருக்கும் கிடையாது.

அவர் செத்துப்போன பிறகும் அது வெளுத்தது. "பாரேன், அப்பாவை இன்னும் தேடுது," என்று கணவர் கண்கலங்கினார். டீச்சர் தொட்டியை விட்டுத் தள்ளி நின்றாள். தேடுகிற பார்வையாக அவளுக்குத் தெரியவில்லை. வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கிற பார்வை.

பக்கவாதம் வந்ததிலிருந்து மாமனாருக்கு வாயோரம் எச்சில் வடியும். உடுத்தியது நழுவுவதுகூடத் தெரியாமல் கூடத்துக்கு வந்து நிற்பார். தலைமையாசிரியையும் பள்ளிக்கூடத்துக்காரர்களும் சாப்பிட வந்த அன்று கணவர் வெளியூரில் இருந்தார். டீச்சர் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தாள்.

சாப்பாட்டுக்கு நடுவே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. விரல்முட்டியால், அடுத்த வீட்டுக்காரர் தட்டுவதுபோல அத்தனை மரியாதையாக. அவள் எழுந்து போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்தாள்.

எல்லாரும் போன பிறகு திறந்தபோது அவர் நாற்காலியில்தான் இருந்தார். உள்ளங்கை கண்ணாடிமேல் இருந்தது. மறுபக்கம் மாப்பிள்ளை வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் உடம்பு ஆறிப்போயிருந்தது.

"தூக்கத்திலேயே போயிட்டார்," என்று கணவரிடம் சொன்னாள். "நீ எவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டே," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். ரேடியோவின் வயரைப் பிடுங்கி, பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். இது மட்டும் தெரிந்தால் கணவர் அவள் முகத்தில் விழிக்கவே மாட்டார்.

கடைக்காரர் தொட்டியருகே குனிந்தார். மாப்பிள்ளை மெல்ல வெளுத்தது. ஒரு கை நீண்டு கண்ணாடியில் ஒட்டியது.

"பின்னாடி யாரும்மா?" அவர் குரல் தானாகவே தாழ்ந்தது.

"யாருமில்லையே."

"நம்ம ரெண்டு பேரையும் அது பார்க்கலையே." உதட்டைப் பிதுக்கிவிட்டு, வாளி மூடியை எடுக்க வண்டிக்குப் போனார்.

கண்ணாடியில் கை நகர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப்பக்கம் நடக்கும் ஒருவரோடு சேர்ந்து நகர்வதுபோல.

அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணே?"

ஓடிப்போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மாமனார் தட்டிய கதவு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவது? "தப்பு பண்ணிட்டேன் மாமா," என்று மரத்திடம் கிசுகிசுத்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. மூடியும் கையுமாகக் கடைக்காரர் நின்றார்.

"யாரும்மா வெளிய தாழ் போட்டது? தட்டியிருக்கலாமே, எனக்குக் கேட்டிருக்குமே!"

"கேட்டிருக்கும்," என்றாள். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வலையில் அள்ளிப் பிளாஸ்டிக் வாளியில் விட்டதும் மாப்பிள்ளை பழைய தவிட்டு நிறத்துக்குத் திரும்பியது. டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாசல்வரை கூடவே போனாள். வாளியை வண்டியில் ஏற்றிய கடைக்காரர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

வாளிக்குள் மாப்பிள்ளை வெளுத்திருந்தது. பிளாஸ்டிக்கில் ஒரு கை ஒட்டியிருந்தது. டீச்சரைத் தாண்டி, திறந்து கிடந்த வாசலை அது பார்த்தது.

அவள் திரும்பவில்லை.

வீட்டுக்குள் ரேடியோ பாடத் தொடங்கியது. சத்தம் கூடியது. இன்னும் கூடியது.

தெருமுனையிலிருந்து கணவர் வந்துகொண்டிருந்தார். இன்றைக்கென்று பார்த்துச் சீக்கிரமாகவே. வாளியைக்கூட அவர் கவனிக்கவில்லை. வாசலில் நின்று, பாட்டுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"உள்ள யாரு, கதவைத் தட்டறது?"