கவிழ்த்து வைத்த பலகை

பகல் வேலை முடிந்து மிக்கேல் வீடு திரும்பியபோது தலையில் ஒரு பலகை இருந்தது. ஆள் நீளம், முழத்துக்குச் சற்று மேலே அகலம். பள்ளிபாளையத்தில் ஆற்றை ஒட்டிய ஓட்டு வீடுகளின் வரிசையில் கடைசி வீடு அவனுடையது. வாசல் தாழ்வு. குனிந்து, பலகையைச் சாய்த்து நுழைத்து, கதவுக்குப் பின்னால் சுவரோடு நிறுத்தினான். ராட்டையில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ரோசி, கையை நிறுத்தாமல், அடுப்புக்கா என்று கேட்டாள்.

கடலுக்கு என்றான் மிக்கேல்.

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

மாசி மாதம் ஈரோட்டுக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் செய்திப்படம் ஓட்டினார்கள். ஏதோ ஒரு தேசத்தில், அலைமேல் பலகையைப் போட்டு, அதன்மேல் நிமிர்ந்து நின்றபடியே கரைக்கு வந்தார்கள் மனிதர்கள். கொட்டகையே கெக்கலித்தது. மிக்கேல் மட்டும் வாய் திறந்தபடி பார்த்திருந்தான். சிறு வயதில் வாழை மரத்தைக் கட்டிப்பிடித்து வெள்ளக் காவிரியைத் தாண்டியவன். வளர்ந்தபின் காகித ஆலைக்கு வரும் மூங்கிலை லாரியிலிருந்து இறக்கி இறக்கித் தோள் காய்த்துப்போனவன். அன்றிலிருந்து மூங்கில் கட்டைத் தூக்கும்போதெல்லாம் அந்த அலைதான் அவன் கண்ணில் நின்றது.

அவன் கடலைப் பார்த்ததே இல்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பம் இருக்கிறது, அங்கே அலை நீளமாக உருண்டு வரும் என்று லாரி ஓட்டும் மருதாசலம் சொல்லியிருந்தான். ஆடியில் ஆலையில் எந்திரம் பழுது பார்க்க மூன்று நாள் அடைப்பு. ஈரோட்டில் ரயிலேறித் திருச்சியில் மாறினால் போதும். துணைக்கு ஆள் வேண்டாம், தனியாகவே போய் வரலாம் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான்.

“ஒரே ஒருக்கா ஏறி நின்னு பாத்துட்டு வந்தர்றேன் புள்ள. இந்தத் தோளு மூங்கிலத் தவர வேற என்னத்தக் கண்டுச்சு?”

“அங்க உளுந்தா பேரு சொல்லிக் கூப்புட ஆளில்லீங்களே.”

“நீ இங்கிருந்து கூப்புடு. எங்க கெடந்தாலும் எந்திரிச்சு வந்தர்றேன்.”

ரோசிக்குத் தாய் தகப்பன் இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. அவன் ஒருவன்தான். அதனால் அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. அன்று பொழுது சாயும்வரை இனித்தது.

விளக்கேற்றக் கதவோரம் போனபோதுதான் வாசனை வந்தது. மெழுகுவர்த்தி, சாம்பிராணி. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. விளக்கைப் பலகையருகே பிடித்தாள். ஓரம் நெடுக ஆணித் துளைகள், துருப்பிடித்த கறை. ஒரு பக்கம் உளி பட்ட சொரசொரப்பு. மறுபக்கம் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பு. தலைப்பக்கம் சின்னதாக ஒரு சிலுவைக் கீறல்.

தூம்பாவின் அடிப்பலகை.

சவப்பெட்டி செய்ய வழியில்லாத வீட்டுச் சாவுக்கென்று கோயிலில் பொதுவாக ஒரு தூம்பா இருந்தது. பிணத்தை அதில் கிடத்திக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார்கள். துணியோடு குழியில் இறக்கிவிட்டு, தூம்பாவைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். திரும்பும்போது கவிழ்த்துத்தான் தூக்கவேண்டும். மல்லாத்தித் தூக்கி வந்தால், அது படுக்க ஆள் தேடும் என்பார்கள்.

மிக்கேல் ஒளிக்கவில்லை. ஈஸ்டருக்கு முன் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை தோமினிக் தூம்பாவுக்குப் புது அடிப்பலகை போட்டார். பழையதைப் பிளந்து பெரிய சனிக்கிழமை இரவு கோயில் வாசலில் மூட்டும் புதுநெருப்பில் போடச் சொல்லி மிக்கேலிடம் கொடுத்தார். தூக்கிப் பார்த்தவனுக்கு அதன் லேசு பிடித்துப்போனது. நெருப்பில் மூங்கில் துண்டுகளைப் போட்டுவிட்டு, பலகையைக் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் மறைத்து வைத்தான்.

“கடைசியா இதுல யாருங்க போனது?” என்று ரோசி மெல்லக் கேட்டாள்.

அவன் பலகையைப் பார்த்தபடி சொன்னான். “சகாயம்மா.”

சகாயம்மாள் அவனோடு மூங்கில் இறக்கியவள். நாதியற்றவள். ஆவணி பிறந்து வேளாங்கண்ணிக்கு ஊர் கிளம்பும்போதெல்லாம், என்னையும் கூட்டிப் போங்கள், ஒருமுறை கடலில் கால் நனைக்கவேண்டும் என்று எல்லாரையும் கேட்பாள். எல்லாரும் அடுத்த வருசம் என்பார்கள். மிக்கேலும் சொல்லியிருக்கிறான். தை மாதக் காய்ச்சலில் போய்விட்டாள்.

ரோசி பலகையைத் திருப்பி, பிணம் கிடந்த வழவழப்பான பக்கத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்தாள்.

தண்ணீர் எடுத்துவிட்டு வந்து பார்த்தாள்.

வழவழப்பு வெளியே பார்த்தபடி இருந்தது.

தான் தொடவில்லை என்றான் மிக்கேல். மறுநாளும் திருப்பினாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் அது திரும்பிக்கொண்டது. அது நிற்கும் இடத்தில் தரை ஈரமாகவே கிடந்தது. வைகாசி வெயிலில், அந்த ஒரு சாண் இடம் மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பழக்கிப் பார்க்கிறேன் என்று பலகையை ஆற்று மடுவுக்குத் தூக்கிப் போனான் மிக்கேல். சீக்கிரமே திரும்பிவிட்டான். தலைகூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

“தண்ணில போட்டதும் தாழுது” என்றான் கடைசியில். “நான் ஏர்றதுக்கு முன்னாலயே.”

அப்படியும் பயணத்தை விடுவதாக இல்லை. பாரத்துக்குப் பழகிய தோள், இன்னொரு பாரம் என்றால் என்ன என்று நினைத்தானோ என்னவோ. மாற்று வேட்டியையும் கட்டுச்சோற்றுத் துணியையும் மடித்து வைத்துவிட்டான்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு கரை முட்டியது. அடைப்புக்கு முதல்நாள் அவன் வேலைக்குப் போனதும் ரோசி பலகையைத் தலையில் ஏற்றினாள். லேசு என்று அவன் சொன்ன பலகை, கழுத்தை உள்ளே இறக்கியது. மூன்று இடத்தில் நின்று நின்றுதான் ஆற்றங்கரை சேர்ந்தாள். வழியில் யாரோ காதருகே மூச்சு வாங்கினார்கள்.

அவள் மூச்சல்ல.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பலகையை விட்டாள். குனிந்து சொன்னாள்.

“அக்கா, நீ போ. கடலு வரைக்கும் இந்தத் தண்ணி போவும். அவர மட்டும் உட்டுரு.”

பலகை தாழ்ந்தது. பிறகு நடு ஆற்றுக்கு நகர்ந்தது. சுழலில்கூடச் சுழலவில்லை. மல்லாந்து படுத்த ஒருவரைச் சுமப்பதுபோல நிதானமாகப் போனது.

மிக்கேல் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அடைப்பு மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அதன்பின் கடல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கதவோரம் தரை காய்ந்தது. மனுசன் உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று ரோசி தார் சுற்றினாள்.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து ஊர் திரும்பிய மத்தியானம், தோமினிக் நேராக அவள் வாசலுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அந்தப் பலகைய எரிச்சதா மிக்கேல் சொன்னானே கண்ணு?”

ரோசி சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வேளாங்கண்ணிக் கோயிலுக்கு அப்பால் அவர் கடலோரமாக நடந்து போனபோது ஒரு குப்பத்தில் கூட்டம் நின்றதாம். ஆடியிலிருந்து ஒரு பலகை அலையேறி வருகிறது, கரையைத் தொட்டதும் தானாகத் திரும்பிக் கடலுக்குள் போகிறது என்றார்களாம் மீன் பிடிப்பவர்கள். ஆள் படுத்திருந்தால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு தாழ்ந்து வருமாம். தொட யாருக்கும் தைரியம் இல்லை. சிலுவைக் கீறலைத் தாமே கண்டதாகத் தோமினிக் சொன்னார்.

ரோசிக்குக் கண் நிறைந்தது. ஆசை தீர ஆடட்டும் என்றாள்.

“நான் பாத்த அன்னைக்கு அப்பிடியில்ல கண்ணு. லேசா, மெதந்து வந்துச்சு. மேல ஒண்ணுமில்ல. மணல்ல ஏறுச்சு. திரும்பிப் போவல. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா எடத்துலயே காணோம்.”

“கவுந்து கெடந்துச்சுங்களா, மல்லாந்தா?”

“மல்லாந்து.”

அவர் போனபின் ரோசி வாசலிலிருந்து திரும்பினாள். உள்ளே மிக்கேல் இரவு வேலை பார்த்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தான். எப்போதும் ஒருக்களித்து, முழங்காலை மடக்கித்தான் படுப்பான்.

இன்று மல்லாந்து கிடந்தான். கால்கள் சேர்ந்திருந்தன. இரண்டு கைகளும் நெஞ்சின்மேல்.

பாய் தரையோடு படியாமல் இரண்டு விரல் உயர்ந்து நின்றது.

அவள் மண்டியிட்டுப் பாயின் ஓரத்தைத் தூக்கினாள். கையில் மணல் ஒட்டியது. ஆற்று மணலல்ல, கடற்கரைப் பொடி மணல். பாயின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் முழங்காலை நனைத்தது.

“ஏனுங்க” என்று கூப்பிட்டாள்.

பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.