எடைக்குறி

காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் பிலோமினா முதலில் பார்ப்பது தடைப்பட்டியலைத்தான். இன்று எந்த முறையில் டி.என்.ஏ. படிக்கலாம், எதில் கூடாது என்று காப்புரிமை நீதிமன்றம் நாள்தோறும் அனுப்பும் பட்டியல். அதைப் பார்க்காமல் தூத்துக்குடியில் யாரும் கருவியைத் தொடுவதில்லை.

எடைக்குறி முறை ஐந்தாவது மாதமாகத் தடையில் இருந்தது. டி.என்.ஏ.வில் கன நைட்ரஜனை ஏற்றி, அந்தக் கூடுதல் எடையை அடையாளமாக வைத்துப் பிழையைப் பிடிக்கும் முறை அது. இரண்டு நிறுவனங்கள் உரிமை கொண்டாடின. தீர்ப்பு வரும்வரை ஒருவரும் பயன்படுத்தக் கூடாது. பதினைந்து வருஷத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்தவளே பிலோமினாதான். வேலைக்குச் சேர்ந்த அன்று நிறுவனம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதோடு அது அவளுடையது இல்லாமல் போயிற்று.

குளிர்பெட்டியில் காத்திருந்த குழாய்களில் ஒன்று அவள் தம்பி அருளப்பனுடையது. ரத்தப் புற்று. இரண்டு வகைகளில் எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் மருந்தே ஆளை முடித்துவிடும். அதைப் பிரித்துச் சொல்ல எடைக்குறி முறையால்தான் முடியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து வந்து, அவள் கருவியின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழாயைப் படித்தாள். மாத்திரையில் குணமாகும் வகை! தாளில் எழுதிக்கொண்டு, தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் இஸ்மத்திடம் ஓடினாள்.

"உரிம எண் எங்க?" என்றார் இஸ்மத்.

"இல்ல டாக்டர். நானே படிச்சேன். முறையே என்னோடதுதான்."

"தெரியும்மா. ஆனா எண் இல்லாம எந்தக் கடையிலயும் மருந்துப் பெட்டி திறக்காது." தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தார். "இத நான் பாக்கல."

அடுத்த வாரம் நீதிமன்றம் அவளைச் சாட்சிக்கு அழைத்தது. இந்த யோசனை எந்தத் தேதியில் தோன்றியது என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

"ஐயா, என் தம்பி சாகக் கிடக்கான்," என்றாள் நீதிபதியிடம்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."

தேதியைச் சொன்னாள்.

தம்பி மனைவி அமலியிடம் அவள் வாய் திறக்கவில்லை. மருந்து இருக்கிறது, கிடைக்காது என்று எப்படிச் சொல்வது? "தடை எப்ப நீங்கும் மைனி?" என்று அமலி கேட்கும்போதெல்லாம், "சீக்கிரம்" என்றே சொல்லி வந்தாள். அருளப்பன் தவக்காலத்தில் இறந்தான்.

அவனுடைய நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு இரண்டு நிறுவனங்களும் சமாதானமாகி ஒன்றாக இணைந்தன. தடை நீங்கியது. காத்திருந்த குழாய்களைக் கருவி வரிசையாகப் படித்து, முடிவுகளை உரியவர்களின் கைபேசிக்கு அனுப்பியது.

மறுநாள் அமலி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். கணவனின் கைபேசியை நீட்டினாள்.

"மாத்திரையிலயே சரியாகுமாம் மைனி."

பிலோமினா திரையைப் பார்க்கவில்லை. அமலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்," என்றாள் பிலோமினா.